முகம் உறைந்து நிற்பது யாருடைய குற்றம்?

உங்கள் வீட்டிலும் இந்தக் காட்சி நடந்திருக்கலாம்.

பிற்பகல் 2 மணி. பகற் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. "சத்தம் போடாதீங்க, ராத்தாவுக்கு மீட்டிங்" என்று சின்னவர்களை அதட்டி வாய் மூடவில்லை, உள் அறையிலிருந்து மகளின் குரல் கேட்கின்றது. "ஹலோ... நான் கதைப்பது கேட்கின்றதா?" என்று ஆங்கிலத்தில் ஒரு முறை. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. பிறகு மௌனம். எட்டிப் பார்த்தால், திரையில் இருப்பவர்களின் முகங்கள் வாய் திறந்தபடியே சிலையாகி நிற்கின்றன. மகளின் முகமோ அதைவிட வாடிப் போயிருக்கின்றது.

எங்கள் வீட்டில் இது ஏழு மாதங்கள் நடந்தது. மூத்த மகள் கணக்கியல் படித்தவள். லண்டனிலுள்ள ஒரு கணக்கு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கின்றாள். திருமணமாகிக் கைக்குழந்தையோடு இருப்பவளுக்கு, கண்டியில் பஸ் ஏறி இறங்காமல் ஒரு நல்ல சம்பளம் வருவது எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நியமனக் கடிதத்தில் 6 மாதப் பரீட்சார்த்தக் காலம் என்று இருந்தது. அது முடியும் தறுவாயில் வந்த அறிக்கையில் கணக்கு வேலையைப் பற்றிக் குறை ஒன்றும் இல்லை. ஆனால், "கூட்டங்களில் பங்களிப்புப் போதாது, கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்குகின்றார்" என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகப் பரீட்சார்த்தக் காலம் மேலும் 3 மாதங்களுக்கு நீட்டப்பட்டது.

என் மகள் பேசத் தயங்குபவளா? பள்ளிக்கூட நாளில் விவாதப் போட்டிகளில் மறுபக்கத்தாரை வாயடைக்கச் செய்தவள் அவள்! அன்று இரவு முழுக்க அழுதாள். நாங்களும் என்ன செய்தோம்? இணைய இணைப்பைப் பெரிய பெக்கேஜுக்கு மாற்றினோம். புது ரவுட்டர் வாங்கினோம். மாதா மாதம் காசு கூடியதே தவிர, முகங்கள் உறைவது குறையவில்லை.

விடயம் பிடிபட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் கூட்டம் முடிந்த கையோடு, கட்டாரிலுள்ள என் மகன் வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பெடுத்தான். அதே அறை, அதே நேரம், அதே இணைப்பு. அவனுடைய சட்டைப் பொத்தான் தெறித்திருப்பதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. அப்படியென்றால் கோளாறு எங்கள் வீட்டுக் கம்பியிலா?

கணனி வலையமைப்புத் துறையில் வேலை செய்யும் என் தங்கையின் மகனிடம் கேட்டேன். அவன் சிரித்துவிட்டு, "பெரியும்மா, தங்கச்சி வேலை செய்ற கணனி உங்கட வீட்டிலேயே இல்லையே!" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேசை மேல் இருப்பது பிறகு என்ன?

சகோதரியே, நமது பிள்ளைகள் வெளிநாட்டுக் கம்பனிகளுக்குச் செய்யும் வேலையில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கின்றது. வாடிக்கையாளரின் கணக்குகள், வங்கி விபரங்கள் எல்லாம் வேற்று நாட்டு வீடொன்றிலுள்ள மடிக்கணனிக்குள் வந்து தங்குவதை எந்த நிறுவனமும் விரும்பாது. ஆகவே உண்மையான கணனி அவர்களது தரவு நிலையத்திலேயே, பெரிய செர்வர் ஒன்றுக்குள் ஒரு பகுதியாக இருக்கும். அதன் திரையில் தெரிவது மட்டும் படமாக நமது வீட்டுக்கு வருகின்றது. நமது பிள்ளை தட்டும் எழுத்தும் நகர்த்தும் மவுஸும் இங்கிருந்து அங்கே போகின்றன. இதற்கு வர்ச்சுவல் டெஸ்க்டொப் என்று பெயர். மேசை மேலிருப்பது ஒரு ஜன்னல். அறை அங்கே இருக்கின்றது.

இது இன்று நேற்று வந்த யோசனையல்ல. சிட்ரிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பனி 1995-லேயே இவ்வகை மென்பொருளை விற்கத் தொடங்கிவிட்டது. மைக்ரோசொப்ட் 1998-இல் தனது விண்டோஸ் என்.டி.யில் இந்த வசதியைச் சேர்த்தது. அந்த நாளில் அலுவலகக் கணனி என்றால் எழுத்தும் இலக்கமும்தான். திரையில் ஒரு எழுத்து மாறினால் அந்தச் சிறு மாற்றத்தை மட்டும் அனுப்பினால் போதும். மெதுவான தொலைபேசிக் கம்பியிலும் அது ஓடியது. கணக்குப் பார்க்கும்போதோ கடிதம் அடிக்கும்போதோ என் மகளுக்கு ஒரு சிக்கலும் வராததற்குக் காரணம் அதுதான்.

ஆனால் வீடியோ அப்படியல்ல. அசையும் படம் என்றால் ஒரு வினாடிக்குள் 25, 30 தடவை முழுப் படமும் மாறுகின்றது. 2020-இல் கொரோனாவோடு உலகமே வீட்டிலிருந்து கூட்டம் நடத்தத் தொடங்கியபோது, எழுத்துக்கென்று போட்ட பாதையில் முகங்களையும் குரல்களையும் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று.

அந்தப் பாதையைச் சற்றுக் கவனியுங்கள். லண்டனிலுள்ள மேலாளர் பேசுகின்றார். அவரது முகமும் குரலும் சுருக்கப்பட்டு, முதலில் தரவு நிலையத்திலுள்ள மகளின் கணனிக்குப் போகின்றன. அங்கே அவை விரிக்கப்பட்டுத் திரையில் படமாகத் தீட்டப்படுகின்றன. பிறகு அந்தத் திரை முழுவதும் மறுபடி சுருக்கப்பட்டு நமது வீட்டுக்கு அனுப்பப்படுகின்றது. இங்கே மீண்டும் விரிக்கப்படுகின்றது. மகள் பேசும்போது இதே கூத்து மறுபக்கமாக நடக்கும். கெஸட்டைப் பார்த்துக் கெஸட் அடித்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். மூலத்திலிருந்து எடுத்த கெஸட் தெளிவாக இருக்கும், அதிலிருந்து எடுத்தது இரையும். அந்த இரைச்சல்தான் இங்கே கட்டம் கட்டமாகச் சிதறும் முகமாகத் தெரிகின்றது.

கெமராவின் கதை இன்னும் மோசம். சில இடங்களில் வீட்டிலுள்ள கெமராவை, அது தரவு நிலையத்துக் கணனியிலேயே செருகப்பட்டிருப்பதுபோல் பாவனை செய்து, அது தரும் படத்தைச் சுருக்காமல் அப்படியே அனுப்புகின்றார்கள். ஒரு சாதாரணக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 640-க்கு 480 புள்ளிகள் கொண்ட சின்னப் படத்தில் மொத்தம் 3,07,200 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட். வினாடிக்கு 30 படம். பெருக்கினால் வினாடிக்கு 147 மெகாபிட் வருகின்றது! இத்தனையையும் வீட்டிலிருந்து மேலே ஏற்றியனுப்ப எந்தக் குடும்பப் பெக்கேஜ் தாங்கும்? அதே படத்தை வீட்டிலேயே ஒழுங்காகச் சுருக்கினால் ஒரு மெகாபிட்டுக்கும் குறைவாகவே முடிந்துவிடும். நாங்கள் பெக்கேஜைப் பெரிதாக்கியும் பலன் கிடைக்காத காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும்.

அங்கேயும் நெருக்கடிதான். ஒரே செர்வருக்குள் பல பேருடைய கணனிகள் குடியிருக்கின்றன. காலைக் கூட்டம் தொடங்கியதும் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் படம் விரித்துச் சுருக்க வேண்டும். ஒரே அடுப்பில் பத்து வீட்டுக் குடும்பங்கள் ஒரே நேரத்தில் சோறாக்கப் போனால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

அடுத்தது தாமதம். எனக்கு மிகவும் உறைத்த இடம் இதுதான், ஆகவே சற்று விரிவாகச் சொல்கின்றேன்.

கொழும்பிலிருந்து லண்டன் நேர்கோட்டில் சுமார் 8,700 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீற்றர் ஓடும். அந்தக் கணக்கில் ஒரு வழிக்கே 44 மில்லிவினாடி தேவை. ஒரு வினாடியை ஆயிரமாக உடைத்தால் ஒரு பங்கு ஒரு மில்லிவினாடி. நமது மாத்தறையில் கரையேறும் கடலடிக் கம்பிகூட செங்கடல், மத்தியதரைக் கடல் என்று சுற்றித்தான் ஐரோப்பாவுக்குப் போகின்றது, ஆகவே உண்மையில் இன்னும் கூடும். இதை யாரும் குறைக்க முடியாது. அதற்கு மேல் சேர்வதுதான் மனிதர் செய்யும் வேலை. விரித்துச் சுருக்கும் நேரம், செர்வரில் வரிசையில் நிற்கும் நேரம் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக ஏறுகின்றன. ஒரு வழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் உரையாடல் இயல்பாக இருக்கும், 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வழிகாட்டல்.

இன்னொன்றையும் தங்கை மகன் விளக்கினான். திரைப்படம் வரும் பாதை பெரும்பாலும் கடிதத்துக்குரிய ஒழுங்கில் இயங்குவது. ஒரு துண்டு வழியில் தொலைந்தால், அது திரும்ப வரும் வரை பின்னால் வந்த துண்டுகள் எல்லாம் காத்து நிற்கும். கூட்டுறவுக் கடை வரிசையில் முன்னால் நிற்பவர் சில்லறையைத் தவற விட்டுத் தேடினால், வரிசை முழுதும் நிற்பது போல. கணக்கு விபரத்துக்கு அது நல்லது, ஓர் இலக்கமும் தவறக் கூடாது. பேச்சுக்கு அது நஞ்சு. பேச்சில் ஓரெழுத்து விழுந்தால் காது அதைத் தானாகவே நிரப்பிக்கொள்ளும். பேச்சே நின்று நின்று வந்தால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பார்?

கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் விழும் அரை வினாடியைக் கம்பியின் தாமதம் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஆளின் தயக்கம் என்றே மனம் எடுத்துக்கொள்கின்றது. என் மகள் உடனே பதில் சொல்லியிருக்கின்றாள். அது போய்ச் சேரும் முன்பே மேலாளர் அடுத்தவரிடம் கேள்வியைத் திருப்பியிருக்கின்றார். இவள் பதில் அவர் பேச்சின் நடுவில் போய் விழுந்திருக்கின்றது. ஓரிரு முறை அப்படியானதும், குறுக்கே பேசுவது மரியாதையல்ல என்று இவளும் வாயை மூடிக்கொண்டிருக்கின்றாள். அறிக்கையில் எழுதப்பட்ட "தயக்கம்" இப்படித்தான் பிறந்தது.

கொழும்பிலிருந்து அதே கம்பனிக்கு வேலை செய்யும் சக ஊழியரோடு இவள் தனியாகப் பேசினாலும் இதே நிலைதான். இருவரது கணனியும் லண்டனில் இருப்பதால், இங்கிருந்து புறப்படும் குரல் லண்டன் போய், திரும்பி, கொழும்புக்கு வருகின்றது. வேலிக்கு அப்பால் நிற்கும் அடுத்த வீட்டு ராத்தாவிடம் "கொஞ்சம் உப்புத் தாங்க" என்று கேட்பதை லண்டனுக்குத் தபாலில் எழுதிப் போடுவது போல!

சரி, இதற்குப் பரிகாரம் இல்லையா? இருக்கின்றது. அதுவும் புதிதல்ல. 2019-ஆம் ஆண்டளவிலிருந்தே டீம்ஸ் போன்றவற்றுக்கு இது கிடைத்து வருகின்றது. யோசனை மிக எளிமையானது. கூட்டத்தின் ஜன்னல், பெயர்ப் பட்டியல், பொத்தான்கள் எல்லாம் அங்கேயே தரவு நிலையத்தில் இருக்கட்டும். முகத்தையும் குரலையும் கையாளும் வேலையை மட்டும் வீட்டுக் கணனியிடம் ஒப்படைத்து விடுவது. அப்போது வீட்டுக் கணனியே கெமராவின் படத்தைச் சுருக்கி நேரே கூட்டச் சேவைக்கு அனுப்பும், அங்கிருந்து வருவதையும் நேரே வாங்கி விரித்து, அந்த ஜன்னலுக்குச் சரியாக மேலே ஒட்டிக் காட்டும். பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே திரை போலவே தெரியும். உள்ளேயோ இரண்டு பாதைகள். எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. செர்வரின் சுமையும் குறைகின்றது. வாடிக்கையாளரின் கோப்புகள் முன்போலவே அங்கேதான் இருக்கின்றன.

எதிரொலிக்கும் இதில் மருந்துண்டு. தனது குரலே ஒலிபெருக்கி வழியாகத் திரும்பிக் கேட்காமல் அழிப்பதற்கு, எந்தச் சத்தம் எப்போது வெளியே போயிற்று என்று மென்பொருளுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டும். மைக் இங்கே, அழிக்கும் மென்பொருள் லண்டனில் என்றால் அது தடுமாறத்தான் செய்யும். இரண்டும் ஒரே இடத்துக்கு வந்தால் சீராகிவிடும்.

உங்கள் பிள்ளைக்கு இந்த வசதி இயங்குகின்றதா என்று பார்ப்பது கடினமல்ல. வர்ச்சுவல் டெஸ்க்டொப்புக்குள் டீம்ஸைத் திறந்து, மேல் மூலையிலுள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, அமைப்புகளில் "எபௌட்" என்ற பகுதிக்குப் போகச் சொல்லுங்கள். பதிப்பு இலக்கத்தின் அருகே "ஒப்டிமைஸ்ட்" என்ற சொல் இருந்தால் பேச்சு நேர்ப்பாதையில் போகின்றது. அந்தச் சொல் இல்லையென்றாலும், "நொட் கனெக்டட்" என்றிருந்தாலும் சுற்றுப்பாதைதான். ஸூம் பாவிப்பவர்களுக்கு, வீட்டுக் கணனியில் போடவேண்டிய வீ.டி.ஐ. பிளகின் என்ற தனி மென்பொருள் உண்டு.

பொதுவாக எங்கே தவறுகின்றது? டெஸ்க்டொப்பை அதற்குரிய செயலியில் திறக்காமல் சாதாரண பிரவுசரில் திறந்தால் இந்த வசதி பெரும்பாலும் கிடைக்காது. டெஸ்க்டொப்புக்குள் போய் டீம்ஸை பிரவுசரில் திறந்தாலும் அதே கதி. வீட்டுச் செயலி பழைய பதிப்பாக இருந்தால், அல்லது தரவு நிலையப் பக்கத்தில் அதற்குரிய துணை மென்பொருள் போடப்படாமலோ பழசாகவோ இருந்தால், ஒரு அறிவிப்பும் தராமல் பழைய சுற்றுப்பாதைக்கே திரும்பிவிடும். மாதக்கணக்காக யாருக்கும் தெரியாமலே கிடக்கும். இன்னொரு மறைவான காரணம் வீ.பி.என். வீட்டு மடிக்கணனியில் கம்பனியின் வீ.பி.என். முழுமையாகப் போடப்பட்டிருந்தால், நேரே போகவேண்டிய பேச்சையும் அது பிடித்திழுத்துக் கம்பனி வாசல் வழியாகவே அனுப்பும். கூட்டப் பேச்சை மட்டும் அதிலிருந்து விலக்கி விடும்படி மைக்ரோசொப்டே 2020-இல் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

இவற்றில் பாதிக்கு மேல் கம்பனிக்காரர் கையில் இருப்பவை. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்பிள்ளைகள் கேட்கக் கூச்சப்படுகின்றார்கள். "உங்கள் வீட்டு இன்டர்நெட்டைப் பாருங்கள்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு புது ரவுட்டர் வாங்குகின்றார்கள், எங்களைப் போல. ஆகவே கேட்கும்போது சான்றோடு கேட்க வேண்டும். என் மகள் தன் ஐ.டி. பகுதிக்கு எழுதிய கடிதத்தில் அழுகையும் இல்லை, முறைப்பாடும் இல்லை. இன்ன திகதி, இன்ன நேரம் கூட்டம் உறைந்தது. அதே நேரத்தில் அதே இணைப்பில் வேறு வீடியோ அழைப்பு சீராக இருந்தது. எபௌட் பகுதியில் ஒப்டிமைஸ்ட் என்ற சொல் இல்லை, திரையின் படம் இணைக்கப்பட்டுள்ளது. வீட்டுச் செயலியின் பதிப்பு இலக்கம் இது. அவ்வளவுதான். "எனக்குக் கேட்கவில்லை" என்று ஏழு மாதம் சொல்லி நடக்காதது இந்த நாலு வரியால் நடந்தது.

வீட்டுப் பக்கம் நாம் செய்யக் கூடியதும் உண்டு. பேச்சை வீட்டுக் கணனியே கையாளத் தொடங்கியபின் இவை முன்னைவிட முக்கியமாகின்றன. ரவுட்டரிலிருந்து மேசைக்கு ஒரு கம்பி இழுத்துவிடுவது எல்லாவற்றிலும் சிறந்தது, பெரிய செலவுமில்லை. முடியாவிட்டால் 5 கிகாஹேட்ஸ் வைஃபையில் இணையுங்கள். 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில்தான் நமது குசினி மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றது. கூட்டத்தின் நடுவில் சோறு சூடாக்கினால் அங்கே குரல் உடையலாம். இது வேடிக்கையல்ல, உண்மை. கைத்தொலைபேசிகள் படங்களையும் வீடியோக்களையும் தாமாகவே மேலேற்றிச் சேமிக்கும் வசதியை அந்த நேரத்தில் நிறுத்திவையுங்கள். வீட்டு இணைப்புகள் பலவற்றில் மேலேற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. பிள்ளையின் முகமும் குரலும் போகும் வழி அதுவேதான்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. இன்றும் மழைக்குக் கரண்ட் போனால் மடிக்கணனி ஓடும், ரவுட்டர் செத்துவிடும். ரவுட்டருக்கென்றே விற்கும் சிறிய பெட்டரிப் பெட்டி ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. காதில் மாட்டும் ஹெட்செட் கம்பியுள்ளதாக இருக்கட்டும், புளூடூத் தன் பங்குக்கும் சற்றுத் தாமதம் சேர்க்கும். முதுகுப்புறத்தை மங்கலாக்கும் வசதி பழைய மடிக்கணனியின் உயிரை வாங்கும். வீட்டுக்குள் நடமாடுபவர்கள் தெரிய வேண்டாம் என்று நமது பிள்ளைகள் அதைப் போடுகின்றார்கள். அதைவிட மேசையைச் சுவரோரம் திருப்பி, வெறுஞ்சுவர் பின்னால் தெரியும்படி உட்காருவது மேல். நிலைமை மிகவும் மோசமானால் தன் கெமராவை அணைத்துவிட்டுப் பேசட்டும். குரலுக்கு 100 கிலோபிட் இருந்தாலே தாராளம். முகம் தெரியாவிட்டாலும் சொன்ன பதில் உரிய நேரத்தில் போய்ச் சேரும்.

எங்கள் விடயத்தில் கோளாறு தரவு நிலையப் பக்கத்திலேயே இருந்தது. துணை மென்பொருள் பழைய பதிப்பாம். மகளுக்கு மட்டுமல்ல, அந்தப் பிரிவில் இலங்கையிலிருந்து வேலை செய்த எல்லோருக்கும் அதேதான். ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே ஒருவரும் பார்க்கவில்லை. திருத்தி ஒரு வாரத்துக்குள் கூட்டம் சீராயிற்று. மேலாளர் "இப்போது நன்றாகப் பேசுகின்றீர்களே" என்று பாராட்டினாராம். மகள் சிரித்துக்கொண்டு, இதற்கு முன் நடந்தது என்னவென்று ஐ.டி. பகுதியின் பதிலையும் இணைத்து அவருக்கு எழுதினாள். நீட்டிய 3 மாதத்தை அவர்கள் திருப்பித் தரவில்லை. வேலை நிரந்தரமாகியது. பழைய அறிக்கையின் அடியில் ஒரு குறிப்பையும் சேர்த்துக் கொடுத்தார்கள்.

இப்போது எனக்குத்தான் புதுத் தொல்லை. பிற்பகலில் உள் அறையிலிருந்து குரல் வருகின்றது:

"உம்மா, குசினிக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க. குக்கர் விசில் லண்டனுக்குக் கேட்குதாம்!"